கொரங்காட்டில் காங்கேயம் மாடு: வேலி முதல் கோடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து ஏக்கர் கொரங்காடும் ஒரு கிணறும் இருந்தால் எத்தனை மாடு வைத்துக்கொள்ளலாம்? ஊருக்குத் திரும்பி வந்து மாடு வளர்க்க நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பங்குனி மாதத்தில் அந்தக் காட்டில் எத்தனை மாட்டுக்கு வயிறு நிரம்புமோ அத்தனை. கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நிற்கும் கொழுக்கட்டைப் புல்லைப் பார்த்து மாடு வாங்கியவர்கள், மாசியில் தட்டு (காய்ந்த சோளத்தாள்) விலை கேட்டு அலைவதைக் கொங்குப் பக்கம் ஆண்டுதோறும் பார்க்கலாம். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

கொரங்காடு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுற்றுவட்டாரத்திலும் அதை ஒட்டிய ஈரோடு, கரூர்ப் பகுதிகளிலும் குடும்பங்கள் தலைமுறையாக வைத்திருக்கும் சொந்த மேய்ச்சல் நிலம் அது. ஊர்ப் பொது மேய்ச்சல் அல்ல. சுற்றிலும் கிளுவை முள்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மூன்றும் சேர்ந்தால்தான் அது கொரங்காடு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் இங்கே ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது பெரும்பாலும் காற்று மட்டுமே. செம்மண் சரளையும் சுக்கானும் (சுண்ணாம்புக் கல்) கலந்த இந்த மண்ணில் மேய்வதால்தான் காங்கேயம் மாட்டுக்கு எலும்பு உறுதி என்பார்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள்.

முதல் படி: காட்டை அளந்து பாருங்கள்

மாடு வாங்குவதற்கு முன் காட்டை வேலியோரமாக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை நடந்து பாருங்கள். ஒரு நோட்டில் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். வேலியில் எங்கெங்கே சந்து இருக்கிறது, மண் வெறுமையாகத் தெரியும் இடம் எது, சீமைக்கருவேலம் எந்த மூலையில் ஏறியிருக்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடி வெளியே போகிறது.

அடுத்து, காடு எவ்வளவு தீனி தரும் என்ற கணக்கு. மழைக்காலம் முடிந்து புல் முற்றிய நேரத்தில், மார்கழி வாக்கில் இதைச் செய்ய வேண்டும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குக் குச்சியால் ஒரு சட்டம் கட்டுங்கள். காட்டில் நன்றாக இருக்கும் இடம், நடுத்தரம், மோசமான இடம் என்று கலந்து பத்து இடத்தில் அதைப் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, நன்றாகக் காயவைத்து எடை போட்டுச் சராசரி எடுங்கள். சராசரி 200 கிராம் வந்தால், ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர் என்ற கணக்கில் சுமார் 800 கிலோ உலர்புல். இதில் பாதியைத்தான் மாட்டுக்கு என்று வைக்க வேண்டும். மீதிப் பாதி மிதிபடவும், மண்ணைப் போர்த்தியிருக்கவும், வேர் பிழைக்கவும். ஆக ஏக்கருக்கு 400 கிலோ. முந்நூறு கிலோ எடையுள்ள பசு, தன் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு உலர்தீனி தின்னும் என்று வைத்தால் நாளுக்கு ஏழரைக் கிலோ. ஓர் ஏக்கர் ஒரு பசுவுக்கு ஏறக்குறைய 53 நாள் தாங்கும். பத்து ஏக்கருக்கு 530 மாட்டு நாள். புல் வளராத நான்கு மாதத்தை, அதாவது 120 நாளை, இந்த நிற்கும் புல்லை மட்டும் நம்பி ஓட்டுவதானால் நான்கு பசு. தட்டும் கடலைக்கொடியும் சேர்த்து வைத்தால் ஏழு, எட்டு வரை போகலாம். அதற்கு மேல் வைத்தால் காடு ஆண்டுக்கு ஆண்டு தேயும். தேய்வது முதல் இரண்டு வருஷம் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் ஆபத்து.

உங்கள் காட்டின் எண் வேறாக இருக்கும். முறை இதுதான்.

இரண்டாம் படி: வேலி

கொரங்காட்டின் பெரிய வசதி, ஆள் இல்லாமல் மேய்க்கலாம் என்பது. படலை (வேலி வாசலை அடைக்கும் தட்டி) திறந்து மாட்டை உள்ளே விட்டு, படலை இழுத்துக் கட்டிவிட்டால் வீட்டு வேலையையும் தோட்ட வேலையையும் பார்க்கலாம். மேய்ப்பதற்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இந்த ஒரு வசதிதான் சிறு குடும்பங்களால் இன்னும் மாடு வைத்திருக்க முடிவதற்குக் காரணம். அந்த வசதி முழுக்க வேலியைப் பொறுத்தது.

முள்கிளுவையைப் போத்தாக, அதாவது கிளைத் துண்டாக, வெட்டி நட்டே வேலி போடலாம். மழைக்குச் சற்று முன், இலை உதிர்ந்து நிற்கும் மரத்திலிருந்து கட்டைவிரல் கனத்துக்குக் குறையாத கிளைகளை ஒரு கஜ நீளத்துக்கு வெட்டுங்கள். ஓரிரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் உலர்ந்ததும், ஒரு முழம் ஆழத்தில் நெருக்கமாக நடுங்கள். ஒற்றை வரிசை நட்டால் ஆட்டுக்குட்டி நுழையும். இரண்டு வரிசை, ஒன்றின் சந்தில் மற்றது வரும்படி நடுவது நல்லது. முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு வெட்டிய வேலமுள்ளை வெளிப்பக்கம் அடைத்து வைக்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை தலையைக் கழித்துவிட்டால் அடி அடர்த்தியாகும். கழித்த முள்ளைச் சந்துகளில் செருகுங்கள்.

கம்பிவேலி போட்டால் ஒரே வாரத்தில் வேலை முடியுமே என்று கேட்பார்கள். முடியும். ஆனால் கிளுவை வேலி ஆடிக்காற்றைத் தடுக்கிறது, வேலியோரத்து ஈரத்தைக் காக்கிறது, கீரிக்கும் கௌதாரிக்கும் இடம் தருகிறது, துருப்பிடிப்பதில்லை. புதிதாகப் போடுபவர்களுக்கு என் யோசனை: கம்பியைப் போட்டுக்கொள்ளுங்கள், அதன் ஓரத்தில் கிளுவையையும் நட்டுவிடுங்கள். கம்பி தளரும்போது வேலி எழுந்து நிற்கும்.

வெளிவேலி மட்டும் போதாது. காட்டைக் குறைந்தது நான்கு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஏன் என்பது மேய்ச்சல் சுற்றில் வரும். உள்வேலிக்குக் கிளுவை வளரும்வரை சூரிய மின்வேலி இரண்டு வரி இழுத்தாலும் மாடு மதிக்கும். நான்கு துண்டின் படலும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி வைத்து, அங்கே தண்ணீர்த் தொட்டியைக் கட்டினால் ஒரு தொட்டி நான்குக்கும் போதும்.

மூன்றாம் படி: புல்லும் மரமும்

நல்ல கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்தான் அரசன். வறட்சியில் தூர் (புல்லின் அடிப்பகுதி) மட்டும் உயிரோடு கிடந்து, ஒரு மழைக்கு எழுந்துவிடும். அதனோடு நரிப்பயறு, செப்புநெருஞ்சி போன்ற பயறு வகைக் கொடிகளும் தானாக வரும். புல் வயிற்றை நிரப்பும், கொடி புரதம் தரும். இரண்டும் கலந்திருந்தால் புண்ணாக்குச் செலவு குறையும்.

காடு வெறுமையாகிப் போயிருந்தால் விதைக்க வேண்டியதுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நீலக்கொழுக்கட்டை ரகம் மானாவாரிக்கு ஏற்றது. ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கொழுக்கட்டை விதைக்கு உறக்கநிலை இருக்கிறது. அறுத்த புது விதையைப் போட்டால் முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் பழசான விதையாகக் கேட்டு வாங்குங்கள். சுணை இருப்பதால் கையில் ஒட்டும், காற்றில் பறக்கும். ஈர மணலோடு கலந்து, புரட்டாசியில் மண் நனைந்த பிறகு தூவி, முள்ளுக்கிளையை இழுத்து மேலாக மூடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால் எழும்பாது. பயறு வகைக்கு முயல்மசாலைச் சேர்க்கலாம். அதன் விதைத்தோல் கெட்டி என்பதால் 80 டிகிரி சூட்டு நீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத் தூவ வேண்டும்.

விதைத்த துண்டில் முதல் ஆண்டு தை வரை மாடு கால் வைக்கக் கூடாது. பொறுக்க முடியாமல் இரண்டாம் மாதமே திறந்துவிடுபவர்கள் விதைக்காசை மண்ணில் கொட்டியவர்கள்தான். வேர் பிடிக்காத நாற்றை மாடு கடிப்பதில்லை, பிடுங்கி எடுத்துவிடுகிறது.

தரை இறுகிப்போன காட்டை, சில ஆண்டுக்கு ஒரு முறை மழைக்கு முன் சரிவுக்குக் குறுக்காக உழுது, சோளமும் நரிப்பயறும் விதைத்து எடுப்பது பழைய வழக்கம். தட்டும் கிடைக்கும், அடுத்த மழைக்குக் கொழுக்கட்டையும் புதிதாகத் தூர் கட்டும். முழுக் காட்டையும் ஒரே ஆண்டில் உழுதுவிடாதீர்கள்.

வெள்வேல மரம் மெல்லிய நிழல் தரும். அதன் அடியிலும் புல் வளரும் என்பதே அதன் அருமை. கோடையில் புல் தீர்ந்த நேரத்தில்தான் காய் விழும், ஆடு மாடு பொறுக்கித் தின்னும். விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து தானாக முளைக்கும். முளைத்ததில் நேராக வருவதை விட்டுவிட்டு மற்றதைக் கழியுங்கள். சீமைக்கருவேலமும் இதே வழியில்தான் பரவுகிறது. அதன் இனிப்பான காயை மாடு விரும்பித் தின்று, காடு முழுக்க விதைத்துவிடும். ஆகவே காய் பிடிக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். மட்டமாக வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும்.

நான்காம் படி: மாடு தேர்ந்தெடுப்பது

கொரங்காட்டுக்குக் காங்கேயத்தைச் சொல்வது ஊர்ப்பற்றால் அல்ல. வெயிலில் மேயும், காய்ந்த புல்லைத் தின்று உடம்பு பிடிக்கும், நெடுந்தூரம் நடக்கும். இந்த இனத்தைப் பொறுக்கி வளர்த்து நிலைநிறுத்தியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இது கறவைக்கான மாடு அல்ல. கன்று குடித்தது போக நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் கிடைத்தால் நல்ல பசு. வீட்டுக்குப் பால், மோர், நெய் ஆகும். வருமானம் கன்று விற்பதிலும், காளை வளர்ப்பதிலும், எருவிலும், கூடவே மேயும் செம்மறியிலும்தான். பால் ஊற்றி மாதச் சம்பளம் மாதிரிப் பணம் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் வசதியுள்ள தோட்டமும் கலப்பின மாடும் வேண்டும், அது வேறு தொழில்.

சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரோடு கூடும் சந்தையும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையும் பெயர் போனவை. முதல் மாட்டை அங்கே வாங்காதீர்கள். சந்தைக்கு வந்த மாட்டின் வீட்டுப் பழக்கம் தெரியாது. விலை நிலவரம் பார்க்கவும், நல்ல மாட்டைப் பார்த்துக் கண் பழகவும் சந்தைக்குப் போங்கள். வாங்குவதை, பக்கத்து ஊரில், அதன் தாயையும் கன்றையும் காட்டக்கூடிய வீட்டில் வாங்குங்கள்.

வயதைப் பல்லில் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையில் எட்டுப் பால்பல். இரண்டு, இரண்டரை வயதில் நடு இரண்டும் விழுந்து பெரிய பல் வரும். அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில் நான்கு பல், ஆறு பல் என்று போய், ஐந்து வயது வாக்கில் கடைப்பல் சேரும். ரெண்டு பல் கிடாரியோ, முதல் கன்று போட்ட நாலு பல் பசுவோ தொடங்குவதற்கு நல்லது. காங்கேயம் கிடாரி முதல் கன்று போட மூன்றரை, நான்கு வயது ஆகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மயிலை, காரி, பிள்ளை, செவலை என்று நிறம் பார்ப்பார்கள், உடம்பில் மயிர் சுழிந்திருக்கும் சுழி பார்ப்பார்கள். சுழியால் விலை ஏறும் இறங்கும் என்பதால் விற்கும்போது அது உதவும். வளர்ப்பதற்கு நான் பார்ப்பது: நடக்கும்போது பின்குளம்பு முன்குளம்புச் சுவட்டில் விழுகிறதா, மடிக்காம்பு நான்கும் திறந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, அந்நியர் கிட்டே போனால் என்ன செய்கிறது. கட்டுத்தரையில் பெண்களும் பெரியவர்களும் புழங்கும் வீட்டில் முட்டுகிற மாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒரு நாளின் வேலை

விடியும் முன் கட்டுத்தரைக்குப் போனதும் சாணி அள்ளாதீர்கள். முதலில் நின்று பாருங்கள். எல்லாம் அசை போடுகிறதா, எது தனியாக நிற்கிறது, எதன் மூக்கு நுனி காய்ந்திருக்கிறது, இரவுத் தட்டை எது மிச்சம் வைத்திருக்கிறது, சாணம் இளகியிருக்கிறதா இறுகியிருக்கிறதா. நோயில் பாதியை இந்தப் பார்வையிலேயே பிடித்துவிடலாம். மூக்கு நுனி ஈரமாக இருப்பது நலம்.

பிறகு கறவை. நாட்டு மாடு கன்று வாய் வைக்காமல் பால் இறக்காது. கன்றைச் சற்று ஊட்டவிட்டு, மடியைக் கழுவித் துடைத்து, இரண்டு காம்பைக் கறந்துகொண்டு இரண்டைக் கன்றுக்கு விடுங்கள். கன்று வளர்வதுதான் இந்த மாட்டில் உங்கள் வருமானம், ஆகவே கால்படி பாலுக்கு ஆசைப்பட்டுக் கன்றை இளைக்க வைப்பது நஷ்டக் கணக்கு. முதல் பீரைக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் மடிநோயின் தொடக்கம்.

சாணம் அள்ளி எருக்குழிக்கு. குழி நிழலில் இருக்க வேண்டும், வெயிலில் காய்ந்த எருவில் சத்து நிற்காது. மாட்டு மூத்திரம் ஊறிய கூளத்தையும் அதிலேயே போடுங்கள். காட்டில் விழும் சாணத்தைப் பொறுக்கி எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். புல் எடுத்த சத்து திரும்பிப் போகும் வழி அது ஒன்றுதான். சாணவண்டுகள் அதை ஓரிரு நாளில் மண்ணுக்குள் இழுத்துப் புதைத்துவிடும்.

காலையில் தொட்டித் தண்ணீர் காட்டி, உடனே காட்டுக்கு விடுங்கள். பெரிய மாட்டுக்கு நாளுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும், கோடையில் அறுபதும் குடிக்கும். காட்டுத் தொட்டியைப் பத்து நாளுக்கு ஒரு முறை காலிசெய்து தேய்த்துச் சுண்ணாம்பு பூசினால் பாசி பிடிக்காது. வைகாசி வெயிலில் நடுப்பகலில் மாடு மேயாது, மரத்தடியில் அசைபோட்டு நிற்கும். அந்த மாதங்களில் விடியலிலும் மாலையிலும், முடிந்தால் இரவிலும் காட்டிலேயே விடுங்கள். வேலி நன்றாக இருந்தால் இரவு மேய்ச்சலைப் போல மாட்டுக்கு உடம்பு வைக்கும் வழி வேறில்லை.

மாலையில் திரும்பியதும் கழுநீரில் தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு, ஒரு பிடி கல்லுப்பு. சினைமாட்டுக்கும் கறவைக்கும் தாது உப்புக் கலவை நாளுக்கு 30 முதல் 50 கிராம். காது மடல், கழுத்துத் தாடி, மடி, வால் அடி ஆகிய இடங்களில் தடவி உண்ணி பாருங்கள். தலையை எண்ணுங்கள். எண்ணாமல் படலைக் கட்டக் கூடாது.

ஆறாம் படி: மேய்ச்சல் சுற்று

மற்றவற்றில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம். இதில் தவறினால் காடு போய்விடும்.

புல் எப்படி வளர்கிறது என்று தெரிந்தால் விதி எல்லாம் தானாக விளங்கும். மழை விழுந்ததும் வரும் முதல் துளிர், தூரிலும் வேரிலும் சேமித்து வைத்த சத்தைத் தின்று வருவது. இலை விரிந்து, வெயிலில் தானே உணவு செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சேமிப்பு திரும்ப நிரம்பும். துளிரை உடனே மாடு கடித்தால் தூர் மறுபடி சேமிப்பிலிருந்து எடுத்துத் துளிர்க்கும். மறுபடி கடித்தால் மறுபடி. மூன்றாவது, நான்காவது முறை எடுக்க ஒன்றும் இருக்காது, தூர் சாகும். அந்த இடத்தில் மாடு தின்னாத செடிகள் வந்து உட்காரும். போதாததற்கு, நனைந்த மண்ணில் குளம்பு மிதித்தால் தரை இறுகி, அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும்.

எனவே புரட்டாசி, ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ததும் மாட்டை ஒரு துண்டில் மட்டும் அடையுங்கள். மீதி மூன்றையும் பூட்டுங்கள். அந்த நாட்களில் கட்டுத்தரையில் தட்டுப் போட வேண்டியிருக்கும். பச்சை கண்ணெதிரே நிற்கும்போது தட்டு வாங்கிப் போடுவது மனசுக்கு ஒப்பாதுதான். அந்த ஆறு வாரத் தட்டுதான் அடுத்த ஆறு மாதப் புல்.

புல் ஒன்றரைச் சாண் உயரம் வந்த துண்டை முதலில் திறங்கள். அரைச் சாண், அதாவது சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கியதும் மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றுங்கள். வளரும் பருவத்தில் ஒரு துண்டில் பத்து நாள் என்று வைத்தால், நான்கு துண்டில் ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள் ஓய்வு கிடைக்கும். பத்து நாள் என்பது தோராயம். மழை தவறினால் புல் எழாது, அப்போது நாளைப் பார்க்காமல் புல்லைப் பார்த்து மாற்றுங்கள்.

மாடு ஏறி இறங்கிய துண்டில் பின்னால் செம்மறியை விடலாம். மாடு விட்ட குட்டைப் புல்லையும் களைச்செடிகளையும் அது தின்னும். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. செம்மறி மண்ணோடு ஒட்டக் கடிக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு துண்டை விதைக்கு விட வேண்டும். ஐப்பசியில் பூட்டினால் தையில் விதை உதிர்ந்த பிறகே திறப்பது. அதன்பின் மாட்டை விட்டால் குளம்பே விதையை மண்ணில் அழுத்திவிடும், நிற்கும் முற்றிய புல்லும் கோடைத் தீனியாகும். அடுத்த ஆண்டு அடுத்த துண்டு. நான்கு ஆண்டில் காடு முழுக்க ஒரு சுற்று தானாகவே விதைக்கப்பட்டுவிடும்.

மாசிக்குப் பிறகு சுற்றுவதற்கு அர்த்தம் வேறு. புல் வளராத காலத்தில் ஓய்வு கொடுத்தாலும் எழாது. அப்போது துண்டு பிரிப்பது பங்கீட்டுக்கு, இருக்கிற காய்ந்த புல்லைச் சித்திரைக் கோடைமழை வரை நீட்டுவதற்கு. அந்தக் கோடைமழைக்குத் துளிர்க்கும் புல்லையும் பாய்ந்து மேய்த்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: சினையும் கன்றும்

பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். காளைக்குக் கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடி போலச் சளி ஒழுகும். நாட்டுப் பசுவில் சில சத்தமே இல்லாமல் வந்து போகும், வால் அடியில் காய்ந்த சளியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது அல்லது காளைக்கு விடுவது. காங்கேயம் பொலிகாளையின் உறைவிந்து கேட்டு வாங்குங்கள். சொந்தப் பசுவுக்குப் பிறந்த காளையையே மந்தையில் தொடர்ந்து வைத்திருந்தால் இனம் சுருங்கும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை காளையை மாற்ற வேண்டும்.

சினைக்காலம் சுமார் 280 முதல் 285 நாள். கார்த்திகை, மார்கழியில் கன்று விழும்படி சினை பிடித்தால் தாய்க்குப் பச்சை கிடைக்கும். பங்குனியில் கன்று போட்ட பசு, கன்றையும் இளைக்க வைத்துத் தானும் இளைத்து, அடுத்த சினையையும் தள்ளிப்போடும்.

கன்று விழுந்ததும் மூக்கு, வாயைத் துடைத்து, தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இருபது கிலோ கன்றுக்கு இரண்டு லிட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டால் கையால் இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கன்றுக்குப் பத்து, பதினைந்து நாளில் முதல் குடற்புழு மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. செம்பழுப்பாகப் பிறக்கும் கன்று சில மாதத்தில் நிறம் மாறும். அதைச் சத்துக்குறை என்று பயப்பட வேண்டாம்.

எட்டாம் படி: நோய்

கோமாரி எனும் காணைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடுப்பூசி. 2019இல் தொடங்கிய தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ் இது இலவசம். அதே திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாத வயதுப் பெண்கன்றுகளுக்குக் கன்றுவீச்சு நோய்க்கு வாழ்நாளில் ஒரே ஊசி. தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்கு முன். தோல் கழலைக்கு மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

கொரங்காட்டுக்காரர் தானே தெரிந்துவைக்க வேண்டியவை இரண்டு. புது மழையில் எழுந்த பயறுக்கொடியை வெறும் வயிற்றில் தின்றால் வயிறு உப்பும். இடப்பக்கம் பானை போல எழும்பும், மாடு கால் உதைத்து மூச்சுத் திணறும். காட்டுக்கு விடும் முன் கொஞ்சம் தட்டுப் போடுவதே தடுப்பு. உப்பிவிட்டால் முன்பக்கம் மேடாக நிறுத்தி, தலையை ரொம்பத் தூக்காமல் 200 மில்லி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மெதுவாகப் புகட்டி, உடனே மருத்துவரை அழையுங்கள். அடுத்தது சோளம். பூக்காத இளஞ்சோளம், அதிலும் மழையில்லாமல் வாடி நிற்பது, கடும் நஞ்சு. வேலி தாண்டிப் பத்து வாய் மேய்ந்த மாடு சில நிமிடத்தில் விழலாம். மாற்று மருந்து உண்டு, ஆனால் ஊசியாக, உடனே வேண்டும்.

உண்ணிக்கும் புழுவுக்கும் மாதாமாதம் ஊசி போடாதீர்கள். ஐவர்மெக்டின் சாணத்தில் வெளியேறிச் சாணவண்டுகளையும் கொல்லும். தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும், மருத்துவர் சொன்ன அளவில்.

ஒன்பதாம் படி: கோடைக்குக் கணக்கு

தை முடியும்போது மறுபடி காட்டை நடந்து பாருங்கள். சட்டத்தைப் போட்டு நிற்கும் புல்லை எடை பாருங்கள். போர் போட்டு வைத்திருக்கும் தட்டை எண்ணுங்கள். மாசி முதல் நூறு நாளுக்கு ஒரு மாட்டுக்கு நாளுக்கு ஐந்து கிலோ தட்டு என்றால் அரை டன். கடலைக்கொடி கையில் இருந்தால் அதைச் சினைமாட்டுக்கும் கன்றுக்கும் ஒதுக்குங்கள். தட்டை வெட்டிப் போட்டால் கழிவு நன்றாகக் குறையும். சின்ன வெட்டும் எந்திரம் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வீணாகாத செலவு.

கணக்குப் பார்த்துப் பற்றாக்குறை வந்தால், மாசி தொடக்கத்திலேயே மாட்டைக் குறையுங்கள். உடம்பு இருக்கும்போது விற்றால் விலை உண்டு. பங்குனிக் கடைசியில் விலா எலும்பு தெரியச் சந்தைக்கு ஓட்டினால் விலை சொல்லத் தரகர் துண்டுக்கடியில் பிடிக்கும் விரல் குறைந்துபோகும். எதை விற்பது என்பதற்கு வரிசை இருக்கிறது. முதலில் வளர்ந்த காளைக்கன்றுகள், அடுத்து இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்காத பசு, பிறகு பல் தேய்ந்த கிழடு. நல்ல கிடாரியைக் கடைசி வரை பிடித்து வையுங்கள். அது போனால் திரும்பக் கொண்டுவர நான்கு வருஷம் ஆகும். நோட்டில் எந்தத் தேதியில் எந்தத் துண்டைத் திறந்தீர்கள், எத்தனை நாள் நின்றது, எவ்வளவு மழை, எந்தப் பசு எப்போது கத்தியது என்று எழுதி வாருங்கள். அடுத்த புரட்டாசியில் முதலில் எந்தத் துண்டைப் பூட்டுவது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.